கழற்றும் நாளை நினைத்து வால்வை வரையுங்கள்

2024 ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கில் நான்கு நாள் நீர் விநியோகத் தடை. சுங்கை டுவா சுத்திகரிப்பு ஆலையில் கசிந்துகொண்டிருந்த இரண்டு பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக, தீவிலும் செபராங் பிறையிலுமாக ஏறத்தாழ 590,000 பயனீட்டாளர்கள் குடத்திலும் வாளியிலும் தண்ணீர் பிடித்துவைக்க வேண்டியிருந்தது. சுங்கை மூடாவிலிருந்து எடுக்கும் நீர் இந்த ஆலையைக் கடந்துதான் மாநிலத்தின் பெரும்பகுதிக்குப் போகிறது. தீவுக்குக் கடலடிக் குழாய்கள் வழியே வருகிறது. அந்த நான்கு நாளிலேயே வேறு பல பராமரிப்பு வேலைகளையும் சேர்த்து முடித்தது நல்ல முடிவு.

பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் வால்வு, குழாய் வேலைகளில் இருக்கும் இளம் பொறியாளர்கள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது, கசிவில்லாமல் இறுக மூட என்ன செய்யலாம் என்றுதான். நல்ல கேள்வி. ஆனால் எந்த வால்வும் ஒருநாள் கசியும். ரப்பர் தேயும், ஸ்பிண்டில் அரிக்கும், சீட்டில் மணல் கோடு போடும். அன்றைக்கு அதை எப்படி வெளியே எடுப்பது, எடுக்கும்போது எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும் என்ற கேள்வியிலிருந்து உங்கள் வரைபடத்தைத் தொடங்குங்கள்.

பெரிய குழாய்களில் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு டிஸ்மேன்ட்லிங் ஜாயின்ட் வையுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டு ஃபிளாஞ்சுகளுக்கு நடுவில் சிக்கிய வால்வை எடுக்கக் குழாயையே வெட்டவேண்டி வரும். வால்வு உடலின் நீளத்தை ஐஎஸ்ஓ 5752 போன்ற தரநிலைப்படி வையுங்கள். முப்பது ஆண்டு கழித்து உங்கள் நிறுவனம் இல்லாமல் போனாலும் வேறொருவரின் வால்வு அந்த இடத்தில் உட்காரும். முடிந்தால் மேல்மூடியைத் திறந்தே டிஸ்க்கையும் சீட்டையும் மாற்றும்படி செய்யுங்கள், உடல் குழாயிலேயே இருக்கட்டும். பெரிய கேட் வால்வுக்கு ஒரு சிறிய பைபாஸ் அவசியம். 600 மில்லிமீட்டர் கேட்டின் ஒரு பக்கம் 6 பார் அழுத்தம், மறுபக்கம் வெறுமை என்றால் அதன்மேல் ஏறத்தாழ 17 டன் விசை விழுகிறது. அந்த நிலையில் திறக்க முயன்றால் ஸ்பிண்டில் முறுக்கிக்கொள்ளும், சீட் சிராய்க்கும். பைபாஸ் வழியே இருபக்கமும் அழுத்தத்தைச் சமப்படுத்திவிட்டுத் திறந்தால் ஒரே ஆள் போதும். இவற்றின் செலவைப் பார்த்துத் தயங்கும் கொள்முதல் அதிகாரியிடம், சுங்கை டுவாவின் அந்த நான்கு நாளைச் சொல்லுங்கள்.

வால்வின் உட்புறத்துக்கு வருவோம். பழைய ஆப்பு வகை கேட் வால்வின் அடியில் ஒரு பள்ளம் இருக்கும். கேட் அதில் இறங்கி உட்கார வேண்டும். ஆற்றுநீர் கொண்டுவரும் மணலும் துருவும் அங்கேதான் குவியும். சில ஆண்டுகளில் கேட் அடிவரை இறங்காது. ஆள் இன்னும் பலம் கொடுத்துத் திருகுவார். பிறகு எல்லாம் கெடும். ரப்பர் பூசிய கேட்டும் தட்டையான அடிப்புறமும் உள்ள வகை இந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்த்துவிட்டது. பட்டர்ஃபிளை வால்விலும் அப்படித்தான்: ஸ்பிண்டிலை மையத்திலிருந்து இரண்டு திசையில் சற்று விலக்கி வைத்தால், திறந்த சில டிகிரியிலேயே டிஸ்க் ரப்பரை விட்டு விலகிவிடும், உராய்வு குறையும், ரப்பர் நீண்ட நாள் உழைக்கும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, மூடித் திறக்க மட்டுமே செய்த வால்வைப் பாதி திறந்து வைத்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது. பாதி திறந்த கேட் அதிர்ந்துகொண்டே இருக்கும். அழுத்தம் அதிகம் இறங்கும் இடத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குறுகிய வழியில் வேகமெடுக்கும் நீரின் அழுத்தம் ஆவியழுத்தத்துக்குக் கீழே போனால் குமிழிகள் உண்டாகி, சற்றுத் தள்ளி உள்நோக்கி நொறுங்கி உலோகத்தையே கொத்தித் தின்னும். குழாய்க்குள் சரளைக்கல் உருளும் சத்தம் கேட்டால் அதுதான். ஒரு கணக்கு: முன்பக்கம் 6 பார், அதாவது வளிமண்டலத்தையும் சேர்த்து 7 பார். அழுத்த மீட்புக் காரணி 0.6 உள்ள பந்து அல்லது பட்டர்ஃபிளை வால்வு சுமார் 2.5 பார் இறக்கத்திலேயே திணறி நின்றுவிடும். அதற்கு மேல் அழுத்தம் இறக்கினாலும் ஓட்டம் கூடாது. காரணி 0.9 உள்ள குளோப் வால்வு 5.6 பார் வரை தாங்கும். அரிப்பு இந்த எல்லைகளுக்கு முன்பே தொடங்கிவிடும் என்பதால் இடைவெளி விட்டு வடிவமையுங்கள். இறக்கம் இன்னும் பெரிதானால் ஒரே இடத்தில் இறக்காமல், துளைகளுள்ள கூண்டுகளை அடுக்கிப் படிப்படியாக இறக்குங்கள்.

அளவிலும் அவசரப்படாதீர்கள். குழாய் 100 மில்லிமீட்டர் என்பதற்காகக் கட்டுப்பாட்டு வால்வும் 100 ஆக இருக்கத் தேவையில்லை. மணிக்கு 40 கனமீட்டர் நீருக்கு 1 பார் இறக்கம் போதுமென்றால் தேவையான கேவி மதிப்பு, அதாவது 1 பார் இறக்கத்தில் மணிக்கு எத்தனை கனமீட்டர் ஓடும் என்ற எண், 40தான். 100 மில்லிமீட்டர் பட்டர்ஃபிளை முழுதாகத் திறந்தால் கேவி பல நூறு. அது எப்போதும் மூடிய நிலையை ஒட்டியே வேலைசெய்து, சீட்டைத் தானே அறுத்துக்கொள்ளும்.

மூடும் வேகத்துக்கு மாஸ்கோவில் ஆய்வு செய்த ஜுக்கோவ்ஸ்கி 1898இலேயே கணக்குச் சொல்லிவிட்டார். எஃகுக் குழாயில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் 10 பாருக்கு மேல் எகிறும். ஒரு கிலோமீட்டர் குழாயில் அலை போய்த் திரும்பவே ஏறத்தாழ 2 வினாடி ஆகும். அதைவிடப் பலமடங்கு நேரம் எடுத்து மூட வேண்டும். ஓட்டம் உண்மையில் வெட்டுப்படுவது கடைசிச் சில பாகைகளில்தான். ஆகவே கடைசிக் கட்டத்தில் மெதுவாகச் சுற்றும் கியர்பாக்ஸோ இருவேக மோட்டாரோ கொடுங்கள்.

ஜார்ஜ்டவுன் கடற்காற்றில் போல்ட்டும் ஸ்பிண்டிலும் வெளியிலிருந்தே அரிக்கும். பித்தளை என்றால் துத்தநாகம் கரையாத வகையைக் கேளுங்கள். 316 துருப்பிடிக்காத எஃகை நம்பி வெதுவெதுப்பான கடல்நீரைத் தேக்கி வைக்காதீர்கள், குழிவிழும். குடிநீருக்கு ஈபிடிஎம் ரப்பர் சரி. எண்ணெய் படும் இடத்தில் அது ஊதிப்போகும், அங்கே நைட்ரைல் வேண்டும்.

உயர்மாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். முப்பது மாடிக் கட்டடத்தில் மேலிருக்கும் டாங்கியின் நீர் கீழ்த்தளத்தில் சுமார் 9 பார் அழுத்தம் தரும். அழுத்தக் குறைப்பு வால்வை ஒன்றாக வைக்காமல், முன்னால் வடிகட்டியுடன் இரண்டைப் பக்கவாட்டில் இணையாக வையுங்கள். ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றது ஓடும். கூரைப் பலகைக்குள் ஒளிக்காமல், ஆள் நிமிர்ந்து நிற்கும் இடத்தில் வையுங்கள். மூடித் திறக்கும் வால்வுகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுச் சுற்றும் சுற்றிப் பார்த்து, எத்தனை சுற்றில் மூடியது என்று எழுதிவையுங்கள். அடுத்த முறை சுற்று குறைந்தால் உள்ளே ஏதோ தடுக்கிறது.

வால்வு செய்பவர்களிடம் கடைசியாக ஒன்று. அழுத்தச் சோதனை முடிந்ததும் வால்வைச் சோதனை மேடையில் மாட்டியபடியே விடுங்கள். வடிவமைப்பில் பங்கில்லாத ஒரு ஃபிட்டரிடம், தளத்தில் கிடைக்கும் அளவே இடமும் ஒரு செயின் பிளாக்கும் கொடுத்து, சீட்டை மாற்றச் சொல்லுங்கள். அவருக்கு ஆன நேரத்தையும் எங்கே கை நுழையவில்லை என்பதையும் குறித்துக்கொண்டு, அடுத்த வரைபடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.