புகைபோக்கிச் சூடு யாருக்கு வேண்டும்?

தெரெங்கானு கடலில் எடுக்கப்படும் எரிவாயு கெர்த்தேயில் கரையேறி, குழாய்வழி மேற்குக் கரைக்கு வருகிறது. ஷா ஆலம் செக்‌ஷன் 26-இல் தலைமையகம் வைத்திருக்கும் கேஸ் மலேசியா அதைத் தொழிற்சாலைகளுக்குப் பங்கிடுகிறது. காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கைப் புகைபோக்கி வழியே வானத்துக்கு விடுகிறோம். அதைப் பிடிக்க எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது: பிடித்த சூடு யாருக்கு வேண்டும்?

கடல் எண்ணெய் மேடைக்காரர்களுக்கு இதில் குழப்பமில்லை. அங்குள்ள எரிவாயு டர்பைன் எரிபொருளில் சுமார் மூன்றில் ஒரு பங்கையே வேலையாக மாற்றும். மீதியில் பெரும்பகுதி ஏறக்குறைய 500 டிகிரிப் புகையாகப் போகும். கச்சா எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கச் சூடு தேவை. ஆகவே புகைக்குழாயில் சுருள் வைத்து எண்ணெயையோ நீரையோ சூடாக்குகிறார்கள். நீராவி டர்பைனும் சேர்த்து மின்சாரம் எடுத்தவை நார்வேயின் ஓஸ்பெர்க், எல்ட்ஃபிஸ்க் போன்ற சிலவே. மேடையில் இடமும் எடையும் அவ்வளவு விலை.

நமக்கு எடை கவலையில்லை. தூரமும் நேரமும்தான்.

பாய்லர் வைத்திருப்பவர் முதலில் எக்கனமைசரைப் பாருங்கள். பாய்லருக்குப் போகும் தண்ணீரைப் புகையால் சூடாக்குவது அது. தண்ணீர் 6 டிகிரி ஏறினால் எரிபொருளில் சுமார் 1 விழுக்காடு மிச்சம். சூடு கொடுப்பதும் வாங்குவதும் ஒரே இயந்திரம் என்பதால் நேரம் தவறாது. நீராவியாகப் போய்ப் பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் ஏற்கெனவே கொதிக்கிறதா? அப்படியானால் எரிகாற்றைச் சூடாக்கலாம், பர்னர் தாங்குமென்றால். கந்தகமுள்ள எண்ணெய் எரிப்பவர் புகையை அதிகம் குளிரவிடக்கூடாது; அமிலம் படிந்து இரும்பை அரித்துவிடும்.

சூடு புகைபோக்கியில் மட்டுமில்லை. காற்றுக் கம்ப்ரஸர் தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியேறுகிறது. பாத்திரம், தரை கழுவும் உணவுத் தொழிற்சாலைக்கு அதுவே வெந்நீர்.

மின்சாரம் எடுக்கும் இயந்திரத்தைக் கடைசியில் வையுங்கள். 200 டிகிரிக்குக் கீழான புகையில் பத்தில் ஒரு பங்கு மின்சாரமானாலே பெரிது.

2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டத்தையும் மறக்காதீர்கள். ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது 60 லட்சம் யூனிட்டுக்குச் சமமான எரிசக்தி, செலவாகும் இடத்தில் எரிசக்தி மேலாளரும் தணிக்கையும் கட்டாயம். பழைய 2008 விதி மின்சாரத்தை மட்டும் பார்த்தது. இதில் எரிவாயுவும் சேரும்.

விற்பனையாளரைக் கூப்பிடும் முன் ஒரு வாரம் புகையின் வெப்பநிலையையும் வெந்நீர்த் தேவையையும் மணிவாரியாக எழுதி வையுங்கள்.