போக ஆரம்பக் கூட்டத்திற்கு முன் சிறு குழுக் கலந்துரையாடல்

சிறுபோகத்திற்குக் குளத்து நீரைப் பங்கிடும் ஆரம்பக் கூட்டத்தில் நூறு பேர் கூடினாலும் பேசுவோர் சிலரே. வாய்க்காலின் கடைப்பகுதிக் கமக்காரர் வாய் திறவார். முதலிற் காய்வதோ அவர் வயல். ஆகவே, கமக்காரர் அமைப்பினராகிய நீங்கள் ஒரு வாரம் முன்னரே இவர்களுள் 6 முதல் 10 பேரைத் தனியே அழைத்துக் கேட்டறிதல் வேண்டும். தலைப்பகுதியாருக்கு வேறு நாள் குறியுங்கள். இரு பகுதியாரையும் ஒன்றாய் இருத்தினால் வழக்கே மிஞ்சும்.

“நீர் போதுமா?” என வினவின் “போதாது” என்பதே விடையாகும். “சென்ற சிறுபோகத்தில் உங்கள் வயலுக்கு நீர் எப்பொழுது நின்றது? அப்பொழுது பயிர் எந்நிலையில் இருந்தது?” என வினவுங்கள். பூக்கும் பருவத்தில் நீர் தவறினால் பதர் மிகும் என்பதை அறிவீர்கள்.

ஒருவர் வினவ, மற்றொருவர் எழுதுக. எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டி, பெயர் குறிப்பிடாது ஆரம்பக் கூட்டத்தில் முன்வையுங்கள்.