மூன்றையும் முடித்துவிட்டு முதலாவதைக் கொடு

அன்புள்ள மகளுக்கு,

முதல் பாகத்தைப் படித்து முடித்துவிட்டேன். உப்பளத்துக் கணக்குப்பிள்ளை வீட்டுக் காட்சிகள் பிரமாதம். அதையெல்லாம் நீ ஊருக்கு வரும்போது பேசுவோம். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கே இதைக் கொண்டுவந்துவிடலாம் என்று பதிப்பாளர் அவசரப்படுத்துவதாக எழுதியிருக்கிறாய். இரண்டாம் பாகம் பாதியில் நிற்கிறது, மூன்றாவதை இன்னும் தொடவே இல்லை. வேண்டாம் அம்மா. மூன்றையும் எழுதி முடித்துவிட்டு முதலாவதை அச்சுக்குக் கொடு.

மூன்றாவதை எழுதும்போதுதான் முதலாவதில் என்ன வைத்திருக்க வேண்டும் என்று தெரியவரும். டோல்கீன் 1937-இல் வெளியிட்ட ‘தி ஹாபிட்’ கதையில், கோல்லம் என்கிற பிராணி மோதிரத்தையே பந்தயமாக வைத்து விடுகதைப் போட்டியில் தோற்கும். அதைத் தர முடியாமல் போனதற்கு மன்னிப்பும் கேட்கும். அதன் தொடர்ச்சியாக ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதப் போனபோது, அதே மோதிரம் யாரையும் விட்டுக்கொடுக்க விடாத பொல்லாத பொருளாக வளர்ந்துவிட்டது. பழைய கதை இடித்தது. 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அவருக்கு மறுபதிப்பு வாய்த்தது. நம் ஊரில் முதல் நாவலுக்கு மறுபதிப்பு எப்போது வரும் என்பது உனக்கே தெரியும்.

அந்தப் பெரிய நாவலை முழுதாக எழுதிய பிறகே அவர் வெளியிட்டார். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகிதம் விலை அதிகம் என்பதால் பதிப்பகத்தார் மூன்றாகப் பிரித்தார்கள். முதலாவது 1954 ஜூலையில், இரண்டாவது நவம்பரில். மூன்றாவதன் கதை தயாராக இருந்தும், பின்னிணைப்புகள் முடியாமல் இழுத்து 1955 அக்டோபரில்தான் வந்தது. இரண்டாம் பாகம் முடியும் இடத்தில் கதாநாயகன் ஃப்ரோடோ எதிரிகள் கையில் சிக்கியிருக்கிறான். பதினோரு மாதம் வாசகர்கள் அவனை அங்கேயே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். எல்லாம் எழுதிவைத்திருந்தவருக்கே இந்தக் கதி. கடைசியில் நீ சேர்க்க நினைக்கும் வம்சாவளிப் படம், வட்டாரச் சொல் பட்டியல் இரண்டையும் இப்போதே தொடங்கிவிடு.

எழுதி முடிக்காத பாகத்துக்கு எங்கேயும் தேதி சொல்லாதே, முகநூலில்கூட. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2005-இல் வந்த தம் நாவல் வரிசையின் நான்காம் பாகத்தின் முடிவில், அடுத்தது மறு ஆண்டே வரும் என்ற நம்பிக்கையை எழுதிவைத்தார். வந்தது 2011 ஜூலையில்.

கல்கி 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னை வாராவாரம் எழுதவில்லையா என்று கேட்பாய். அங்கே இதழ் வாரம் தவறாமல் வீடு தேடி வந்தது. பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். கதையை மறக்க இடமே இல்லை. இரண்டு வருஷம் இடைவெளி விட்டால் உன் வாசகருக்குக் கணக்குப்பிள்ளையின் பெயரே நினைவிருக்காது.

ஆகவே முதல் பாகம் ஒரு சென்னைக் காட்சிக்கு வரட்டும். காட்சி தொடங்கும் அன்று பிரதியோடு ஓடி வராமல், டிசம்பர் முதல் வாரமே கைக்குக் கிடைத்துவிட வேண்டும். இரண்டாவது ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு. மூன்றாவது அடுத்த ஜனவரிக்கு. பின்னிரண்டு பாகங்களின் தொடக்கத்திலும் இரண்டு பக்கம் முன்கதைச் சுருக்கம் போடு. அதைக் கௌரவக் குறைவாக நினைக்காதே.

இன்னொன்று, இதைப் பதிப்பாளரிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கு: அடுத்த பாகம் வெளிவரும் நாளில் முந்தைய பாகம் கையிருப்பில் இருக்க வேண்டும். அரங்குகளில் அடிக்கடி பார்க்கிறேன். ஒருவர் இரண்டாம் பாகத்தை எடுத்துப் பின்னட்டையை நிதானமாகப் படிப்பார். “இதுக்கு முதல் பாகம் இருக்குங்களா?” என்பார். பையன் மேசைக்கு அடியில் கட்டுகளைத் தள்ளித் தேடிவிட்டு, “தீர்ந்துபோச்சு சார்” என்பான். கையில் இருந்ததையும் அவர் அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். இத்தனை வருஷ உழைப்பு அந்த மேசையில் தோற்பதை என்னால் தாங்க முடியாது.

பதிப்பாளர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல், நான் பேசிக்கொள்கிறேன். இரண்டாம் பாகத்தில் எழுதியவரை அனுப்பிவை. கணக்குப்பிள்ளை மகனின் வயது முதல் பாகத்திலேயே இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வருகிறது. அந்தப் பக்கங்களில் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா