வேப்பெண்ணெய்க் கரைசல் பிரிவது ஏன்?

"வேப்பெண்ணெய் தெளித்தேன், பூச்சி போகவில்லை, இலைதான் கருகிற்று" என்று குறைபடும் விவசாயிகள் உண்டு. எந்தக் கிணற்றுத் தண்ணீரில் கலந்தீர்கள் என்றுதான் அவர்களிடம் முதலில் கேட்பேன்.

எண்ணெயுடன் சோப்புக் கரைசலைச் சேர்த்து அடிக்கும்போது, எண்ணெய் பொடித் துளிகளாக உடைந்து பால்போல் வெளுக்கிறது. இதற்குப் பால்மம் என்று பெயர். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. அதன் ஒரு முனை எண்ணெய்த் துளிக்குள் பதியும்; மறுமுனை நீரை நோக்கி நிற்கும். அந்த மறுமுனையில் எதிர்மின்னூட்டம் உள்ளதால் துளிகள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன.

இத்தள்ளு விசை எவ்வளவு என்பதை ஆய்வுக்கூடத்தில் அறியலாம். நீர்க்கச் செய்த கரைசலை இரு மின்வாய்களுக்கு நடுவே வைத்து மின்சாரம் செலுத்தினால், துளிகள் நேர்மின்வாயை நோக்கி ஓடும். அந்த வேகத்தைக் கொண்டு 'ஜீட்டா மின்னழுத்தம்' கணக்கிடப்படுகிறது. முன்பு உருப்பெருக்கியில் கண்ணால் பார்த்து நேரம் குறித்தார்கள். இப்போது லேசர் ஒளி அவ்வேலையைச் செய்கிறது. எதிர்ப்பக்கமாக 30 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் பொதுவாகத் துளிகள் சேராமல் நிற்கும். பூஜ்யத்தை நெருங்கினால் எண்ணெய் பிரிந்துவிடும்.

பருப்பு வேகாத கிணற்று நீரில் நடப்பது இதுதான். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பற்றிக்கொண்டு திரியாக்கிவிடும். துளிகளுக்குக் காவல் போய்விடும். கைத்தெளிப்பான் டாங்கின் அடியிலிருந்தே கரைசலை எடுக்கிறது. ஆகவே முதல் வரிசைகளுக்கு வெறும் நீர், கடைசி வரிசைகளுக்குத் தனி எண்ணெய்! ஒரே வயலில் ஒரு பக்கம் பூச்சி, மறுபக்கம் கருகல்.

டாங்கில் ஊற்றுமுன் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சோதியுங்கள். 5 கிராம் காதி சோப்பைச் சிறிது வெந்நீரில் கரைத்து, 30 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு நன்றாக அடித்து, தெளிக்கப்போகும் நீரையே ஊற்றி 1 லிட்டராக்குங்கள். அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே வெள்ளை ஆடை படிந்து, குலுக்கியதும் கலந்தால் பாதகமில்லை. மஞ்சள் எண்ணெய் வளையமாக நின்றால் அந்த நீர் உதவாது. மழைநீர் அல்லது உப்பில்லாத வாய்க்கால் நீர் கொண்டு வாருங்கள். அதற்கு வழியில்லையெனில் சோப்புக்குப் பதிலாக டீப்பால் 1 மி.லி. சேர்த்து மறுபடி சோதியுங்கள். கடின நீரில் அது சோப்பைப்போல் அவ்வளவு எளிதில் திரிவதில்லை.

கரைசலை அன்றன்றைக்கே கலந்து, வெயில் தாழ்ந்த பின் தெளியுங்கள். தெளிக்கும்போது டாங்கை இடையிடையே குலுக்க வேண்டும்.