மலிவு இரும்பும் மனித உயிரும்

திருவதிகையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் முந்திரிக்கொட்டை உலர்த்தத் தார்ப்பாயும், தண்ணீர் கொண்டுசெல்ல இழுவைத் தொட்டியும், கொல்லுப்பட்டறைக்கு நல்ல எஃகும் எக்காலத்தும் வேண்டப்படுகின்றன. இவற்றைப் 'பட்டாளத்துச் சரக்கு' எனக் கூறி வியாபாரிகள் மலிவாகத் தர முன்வரும்பொழுது, வாங்கலாமா என்று ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் வினவுவது இயல்பே. அச்சரக்கு இருவகைப்படும் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

முதலாவது, உபரிப் பொருள். இராணுவம் தன் தேவைக்கு மிகுதியெனக் கழித்து, முறைப்படி ஏலத்தில் விடும் கூடாரம், வண்டி, கட்டில், மின்னாக்கி முதலியன இவ்வகையின. இவற்றால் நாடு பயனடைந்ததும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற டிராக்டர்களைச் செப்பனிட்டே மத்திய டிராக்டர் நிறுவனம் பணி தொடங்கிற்று. நாணற்புல் மண்டிக் கிடந்த மத்திய இந்திய நிலங்கள் அவற்றால் உழவுக்கு வந்தன.

இரண்டாவது, குண்டு சுடும் பயிற்சித் தளங்களில் பொறுக்கப்படும் இரும்பு. பித்தளைக்கும் செம்புக்கும் கிடைக்கும் விலையை எண்ணிச் சிலர் இதனைப் பொறுக்கிக் காயலான் கடைக்குக் கொணர்வர். இதனை எவ்விலைக்கும் வாங்கலாகாது. சுடப்பட்டும் வெடியாத குண்டில், அதனை வெடிக்கச் செய்யும் கருவி பாயும்பொழுதே ஆயத்தநிலை அடைந்திருக்கும். துருவேறினாலும் அதன் ஆற்றல் அழியாது. சுத்தியலின் ஓர் அடியோ உலையின் சூடோ போதும்.

2004 செப்டம்பரில் உத்தரப் பிரதேசம் சாகிபாபாத் உருக்காலை ஒன்றில், இறக்குமதியான பழைய இரும்புடன் கலந்துவந்த குண்டு வெடித்து 10 பேர் மாண்டனர். 2019 ஆகஸ்டில், திருப்போரூரை அடுத்த மானாமதியில் கோயில் குளத்தருகே கிடைத்த பொருள் வெடித்து இளைஞர் இருவர் உயிரிழந்தனர். அனுமந்தபுரம் பயிற்சித் தளத்திலிருந்து அது வந்திருக்கலாம் என ஐயுறப்பட்டது.

ஆகவே உறுப்பினர்கள் கைக்கொள்ள வேண்டுவன:

1. விற்பவர் ஏலத்தில் எடுத்ததற்கான சீட்டையும், பொருள் வெளிவிடப்பட்ட ஆணையையும் கேட்டுப் பாருங்கள். அவை இல்லையேல் பேரம் வேண்டா.

2. வண்டியாயின் பதிவுச் சான்றையும், உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதையும் ஆராயுங்கள். பாகம் கிடைக்காத வண்டி மலிவாகாது.

3. ஊராட்சிப் பணத்தில் வாங்குவதாயின் மன்றத் தீர்மானமும், 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தின் முறைகளும் இன்றியமையாதன. ரசீதின்றி ஒரு காசும் கொடாதீர்.

4. மூட்டையாகக் கட்டிய இரும்பைப் பிரித்துக் காட்டாமல் வாங்காதீர். வால் துடுப்பு, கூர்முனை, மூடிய குழல் ஆகிய உருவம் எதனையேனும் கண்டால், தொடாமல் விலகுங்கள்.

5. அத்தகைய பொருள் ஏரியிலோ வயலிலோ கிடைத்தால் அசைத்தலும், நீரில் எறிதலும், நிலையத்திற்கு எடுத்துச் செல்லுதலும் கூடா. மக்களையும் கால்நடைகளையும் தொலைவில் நிறுத்தி, 100 அல்லது 112 என்னும் எண்ணில் காவல்துறைக்கு அறிவியுங்கள்.

கொல்லரிடமும், பழைய இரும்பு பொறுக்கும் சிறுவரிடமும் இச்செய்தியைச் சேர்ப்பித்தல் உறுப்பினர் கடமை. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதனை எடுத்துரைப்பீர்களாக. கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சமாவது பெரிதன்று; பட்டறைக்குச் சென்றவர் மாலையில் வீடு திரும்புவதே பெரிது.