அருகில் போனவன் யார்?

வேதபாடம்: லூக்கா 10:25-37



நல்ல சமாரியனைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஆனா, அந்த வழியிலே கிடந்தவனுக்கு எச்.ஐ.வி. இருந்திருந்தா நாம அருகில் போயிருப்போமா? இந்த மாதம் ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா தேசத்தில் நடந்த ஒரு காரியத்தை வைத்து இந்தப் பகுதியைத் தியானிப்போம்.

நோரின் கலீபா என்ற சகோதரி பிசியோதெரபி பயிற்சி பெற்றவர். 1986-ல் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த அவர் கணவர் கிறிஸ்டோபருக்கு எய்ட்ஸ் என்று தெரியவந்தது. அந்நாட்களில் அதற்குச் சரியான மருந்து இல்லை. இங்கிலாந்தில் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் பயமில்லாமல் தொட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். சொந்த தேசத்துக்குத் திரும்பினபோதோ, தொடுவதற்கே ஜனங்கள் பயந்தார்கள். 1987 ஜனவரியில் கிறிஸ்டோபர் மரித்தார். அந்த வருஷமே நோரினும் அதே பாடு அனுபவித்த சிலரும் சேர்ந்து ‘தாசோ’ என்ற எய்ட்ஸ் ஆதரவு அமைப்பை ஆரம்பித்தார்கள். அவர்களில் பலருக்கு எச்.ஐ.வி. இருந்தது. காயப்பட்டவர்களே காயம் கட்டப் புறப்பட்டார்கள்!

1. அருகில் வந்தான் (வச. 34)

ஆசாரியனும் லேவியனும் பார்த்தார்கள், விலகிப் போனார்கள். சமாரியன் கிட்டே வந்தான். தாசோ ஊழியர்களும் வியாதிஸ்தரின் வீட்டுக்கே போனார்கள். ஆலோசனை சொன்னார்கள், புண்ணைக் கழுவினார்கள், தகப்பனை இழந்த பிள்ளைகளின் படிப்புக்கு உதவினார்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கை குலுக்குவதாலோ, கட்டிப்பிடித்து ஜெபிப்பதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. நம்மை விலக வைப்பது கிருமி அல்ல, பயம்தான்.

2. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான் (வச. 34)

அக்காலத்தில் அதுவே மருந்து. சமாரியன் மருந்தை அற்பமாக எண்ணவில்லை. இன்று எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மாத்திரை உண்டு. தினமும் தவறாமல் சாப்பிட்டால் கிருமி இரத்தப் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். அப்படி அடங்கியே இருக்கும்போது உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்றுவதில்லை. கர்ப்பிணி உரிய காலத்தில் சிகிச்சை எடுத்தால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 100-ல் 5-க்கும் கீழே வந்துவிடும். ஆனால் கிருமி சரீரத்தைவிட்டு முற்றிலும் போவதில்லை. நிறுத்தினால் மறுபடியும் பெருகும்.

ஆகவே அன்பானவர்களே, ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்கிறேன். “ஜெபித்தாச்சு, மாத்திரை வேண்டாம்” என்று யாரிடமும் சொல்லாதிருங்கள். அந்த ஒரு வார்த்தை ஒரு தாயைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்துவிடலாம். ஜெபியுங்கள்; மாத்திரையையும் எடுத்துக் கொடுங்கள். நம் தேசத்தில் 2004 ஏப்ரல் முதல் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இது இலவசம்.

3. தன் வாகனத்தில் ஏற்றினான் (வச. 34)

ஏழைக்கு மருந்து இலவசமானாலும் பஸ் காசு எங்கே? ஒரு நாள் கூலி போனால் அன்றைக்கு அடுப்பு எரியாது. உகாண்டாவின் ஜின்ஜா பகுதியில் தாசோவின் களப்பணியாளர்கள் மோட்டார் சைக்கிளில் மாதந்தோறும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற சாதாரண ஜனங்கள். 2009-ல் வெளியான ஆய்வில், இவர்களிடம் மருந்து வாங்கினவர்களும் மருத்துவமனைக்குப் போனவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு நலமாயிருந்தது தெரிந்தது. வீட்டில் வாங்கினவர்களுக்குச் செலவும் குறைவு.

4. திரும்பி வருவேன் என்றான் (வச. 35)

ஒரு நாள் அரிசி கொடுத்து போட்டோ எடுப்பது எளிது. எச்.ஐ.வி.யோ ஆயுள்காலக் காரியம். மறுபடியும் போகிறவர்கள் வேண்டும்.

5. நாம் செய்ய வேண்டியது

• ஒருவருடைய வியாதியை அவர் அனுமதியில்லாமல் ஜெபக் குறிப்பாகக்கூட வெளியே சொல்லாதிருங்கள். 2017-ம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டமும் இந்த இரகசியத்தைப் பாதுகாக்கிறது.

• “எப்படி வந்தது?” என்று கேட்காதீர்கள். “சாப்பிட்டீங்களா? மாத்திரை இருக்கா?” என்று கேளுங்கள்.

• மையத்துக்குப் போக ஒருவருக்குப் பஸ் காசு கொடுங்கள், கூடவே போங்கள்.

சிந்திக்க: என் தெருவில் நான் விலகிப் போன வீடு எது? இந்த வாரம் அந்தக் கதவைத் தட்டுவேனா?

போய் அப்படியே செய்ய கர்த்தர் நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.