கடல் வைத்த பெயர்

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்காவின் ‘அட்லாண்டிக்’ மொழிகள் நிஜமாகவே ஒரே குடும்பமா?

பதில்: பெயரிலேயே சந்தேகம் தட்டுகிறதே, அது கடலின் பெயராயிற்றே! செனகல் தொடங்கித் தெற்கே கரையோரம் பேசப்படும் வோலோஃப், செரேர், ஜோலா, தெம்னே எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள்.

அதே கூடையில் இருக்கும் ஃபுலா மொழி ரொம்ப சுவாரஸ்யம். அதைப் பேசும் இனத்தில் ஒருவர் என்றால் ‘புல்லோ’. பலர் என்றால் ‘ஃபுல்பே’. நாம் வாலில் ‘கள்’ ஒட்டுவதோடு சரி. அங்கே தலையெழுத்தும் மாறும். மொழியியலாளர் கார்ல் மைன்ஹாஃப் ஃபுலாவை ‘ஹாமிட்டிக்’ என்று சொல்லி, வட ஆப்பிரிக்க மொழிகளின் பக்கம் தள்ளினார். மாடு மேய்ப்பவர்கள் என்பதும் அந்தக் காலத்து இனக் கணக்கில் சேர்ந்துகொண்டது! இன்னொரு மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க்தான் அதை மறுத்து, ஃபுலாவை வோலோஃப், செரேர் பக்கத்தில் உட்கார வைத்தார். அவருடைய 1963 நூலில் நைஜர்-காங்கோ பெருங்குடும்பத்தின் ஒரு கிளை இந்த அட்லாண்டிக் கூட்டம்.

அந்தக் கிளைக்குத்தான் ஆதாரம் மெலிவு. பெயர்ச்சொற்களை வகுப்பு வகுப்பாகப் பிரிப்பது இவற்றின் பொது அடையாளம் என்பார்கள். அதே பெருங்குடும்பத்தின் பாண்டு மொழிகளிலும் அது உண்டே! தாத்தாவின் மூக்கு இரண்டு பேரன்களுக்கு இருந்தால் அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்றாகிவிடுமா? பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். சேர்ந்து புதிதாக உண்டாக்கிக்கொண்ட மாற்றம்தான் கிளைக்குச் சாட்சி. அது இங்கே அரிது. தெம்னே, கிஸ்ஸி அடங்கிய ‘மெல்’ மொழிகளை இப்போது பலர் தனியாகவே பிரித்துவிட்டார்கள். என் ஓட்டும் அவர்களுக்கே.